வீட்டைச் சுற்றியுள்ள இடங்களிலேயே நிலக்காட்சி வரைய முடியுமா?

வைகைக்கரை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரையப் பழகி வருகிறேன். இதுவரை வரைந்தவை பெரும்பாலும் கொடைக்கானல், மூணாறு ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்தவை. பார்த்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கோ அவை காலண்டர் படங்களாகவே தோன்றுகின்றன. முழங்கால் வலியால் இனி வெளியூர்ப் பயணமும் அதிகம் இயலாது. வீடு மதுரையில், வைகைக்கு அருகில். மொட்டை மாடியில் நின்றால் தண்ணீர்த் தொட்டிகளும் செல்போன் கோபுரமும் தொலைவில் யானைமலையும், ஆற்றுப் பக்கம் போனால் மணலும் சீமைக்கருவேலமும் பாலமும்தான் கண்ணில் படுகின்றன. இவற்றில் எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாடிவெயில்:
அம்மா, யானைமலையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். மாடியை விட்டு இறங்காமல் அதை மட்டும் சில நாட்கள் வரையுங்கள் என்பேன். மலை ஊருக்கு வடகிழக்கே இருப்பதால், காலையில் வெளிச்சம் அதன் பின்புறமிருந்து வர, பாறையின் மடிப்பு எதுவும் தெரியாமல் ஒரே சாம்பல் நீலப் பட்டையாக நிற்கும். அல்ட்ராமரின் என்ற அடர்நீலத்தில் சிறிது பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து ஒரே பூச்சில் முடித்துவிடலாம். மாலையில் மேற்கு வெயில் நேராக விழுந்ததும் அதே பாறை செம்மஞ்சளாகி, மழைநீர் வழிந்த கருந்தடங்கள் ஒவ்வொன்றாகத் தெளியத் தொடங்கும். மார்கழிப் பனியில் அடிவாரம் கரைந்து முதுகு மட்டும் தெரியும் காலைகளும் உண்டு.

வெளியே போக முடியாதது தடையே அல்ல. பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸ்ஸாரோ, கண் நோயால் திறந்தவெளியில் அமர்ந்து வரைவது கடினமானபோது, 1897-இல் பாரிஸில் ஒரு விடுதி அறையின் ஜன்னல் வழியாகவே மோன்மார்த்ர் பெருவீதியை வெயில், மழை, இரவு என 14 படங்களாக வரைந்தார். இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே சிறு சிறு படங்களாக வரைந்து, பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் குறித்து வைத்தார். நீங்களும் அப்படிக் குறித்து வைத்தால், எந்த நேரத்து வெளிச்சம் உங்கள் கைக்கு வசப்படுகிறது என்பது தானே தெரிந்துவிடும்.

கரிக்கோடு:
மேலே சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். கண்ணெதிரே மலை இருந்தால் யாரும் வரைவார்கள்; கேட்டவருக்குச் சிக்கல் தருவது தொட்டியும் முள்மரமும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தாளின் அளவு விகிதத்துக்கு ஒரு துளை வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள். பிறகு கண்ணை இடுக்கிப் பாருங்கள். தொட்டி, மரம் என்ற பெயர்கள் மறைந்து, கருமையும் வெளிச்சமுமாக நான்கைந்து வடிவங்கள் மட்டும் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அட்டையை நகர்த்துங்கள்.

வைகையின் குறுக்கே 1889-இல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளைவுகளுக்குள் இருக்கும் நிழலைக் கறுப்பாகத்தான் எல்லோரும் பூசுகிறார்கள், எனக்கு அது எரிச்சல் தரும் பழக்கம். வெயில் மணலில் பட்டு மேலே திரும்புவதால் வளைவின் உட்புறம் இளம் பழுப்பாக ஒளிர்கிறது. தரையில் விழும் நிழலோ வானத்தின் நீலத்தை வாங்கிக் குளிர்ந்த நிறமாக இருக்கிறது. இந்த இரண்டு நிழல்களையும் வேறுபடுத்திக் காட்டினாலே படம் மதுரை வெயிலாகிவிடும். சீமைக்கருவேலத்துக்கு இலை வரைய வேண்டாம். சாம்பல் பச்சையில் ஒரு திரள், ஓரங்களில் உலர்ந்த தூரிகையின் சொரசொரப்பு, அவ்வளவு போதும். கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல் மூடியும் உண்மையில் வானத்தின் நிறத்தில்தான் இருக்கிறது.

ஈரத்தாள்:
சித்திரை, வைகாசியில் பூச்சு பரவும் முன்பே காய்ந்துவிடும். காலை ஏழரைக்குள் முடியுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கொண்ட தடித்த தாளின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்தால் சிறிது நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம். மாடியிலிருந்து பார்த்தால் மலையின் குறுக்கே மின்கம்பிகளும் கேபிள் வயர்களும் போகின்றன. அவற்றை விட்டுவிட்டால் படம் மறுபடியும் காலண்டர் ஆகிவிடாதா?

கரிக்கோடு:
எல்லாவற்றையும் விட்டால் ஆகிவிடும். பார்வையை மலையை நோக்கி இழுத்துச் செல்லும் ஒரு கம்பியையும் அது தொங்கும் கம்பத்தையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஸ்கேல் பிடிக்காமல், வானப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, மெல்லிய தூரிகையை ஒரே வீச்சில் இழுங்கள். கோடு நடுவே விட்டுப் போனால் அதைத் தொட்டு நிரப்ப வேண்டாம், வெயில் பட்ட கம்பி அப்படித்தான் விட்டுவிட்டுத் தெரியும்.