செடிக்கு ஊற்றினால் அபராதம், தெருவில் ஓடினால் கவலையில்லையா?

கேள்வி:
மூன்று வாரமாக எங்கள் பகுதியில் தண்ணீர்க் கட்டுப்பாடு. ஓஸ் பிடித்துச் செடிக்கு விடக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, குழாயில் தண்ணீரும் காலையில் இரண்டு மணி நேரம்தான். மழை இல்லை, ஏரி வற்றிவிட்டது, எல்லாம் புரிகிறது, நானும் பாத்திரம் அலசின தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றுகிறேன். ஆனால் தெருமுனையில் மெயின் பைப் உடைந்து ஒன்பது நாள் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு முறை புகார் கொடுத்தேன், வந்து பார்த்தார்கள், போய்விட்டார்கள். அதே வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் பூச்செடிக்கு ஓஸ் பிடித்தார் என்று அபராதம். வயிறு எரிகிறது. நாங்கள் மிச்சம் பிடிப்பதால் ஏதாவது ஆகிறதா, இல்லை சும்மா ஆட்டிவைக்கிறார்களா?

பதில் 1:
குழாய்ப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். ஓஸைத் தடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. நிமிடத்துக்குப் பத்திலிருந்து இருபது லிட்டர் வரை போகும், பத்து நிமிடம் பிடித்தால் ஒருவர் ஒரு நாள் முழுக்கப் புழங்கும் தண்ணீர் காலி. அதுவும் வெயிலில் விட்டால் ஒரு பகுதி ஆவியாகத்தான் போகும்.

ஆனால் இந்த இரண்டு மணி நேரக் கணக்கு இருக்கிறதே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறிப்பிட்ட நேரம்தான் வரும் என்றால் மக்கள் என்ன செய்வார்கள்? இருக்கிற குடம், பக்கெட் எல்லாவற்றையும் நிரப்புவார்கள், மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் பழையதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார்கள். அப்புறம், நிறுத்தி நிறுத்தித் திறந்தால் அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கிப் பழைய இணைப்புகள் பிளக்கும். தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் வெளியில் இருக்கும் அழுக்கு நீர் அந்த விரிசல் வழியாக உள்ளே வரும். முதலில் வரும் கலங்கல் தண்ணீரைக் குடிக்காதீர்கள். உங்கள் தெருமுனை உடைப்பும் இப்படி வந்ததாக இருந்தால் ஆச்சரியமில்லை.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் நேரக் கட்டுப்பாட்டில் இன்னொரு அநியாயம், பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கு அது கட்டுப்பாடே இல்லை. தலைக்கு இத்தனை லிட்டர் என்று வைத்தால்தான் நியாயம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், வறட்சியின்போது, 2018 பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வைத்தார்கள். கஷ்டம்தான், ஆனாலும் எல்லாருக்கும் ஒரே எண்.

சரி, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வீட்டையும் ஒருமுறை பாருங்கள். இரவு படுக்கும்முன் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்து, யாரும் குழாயைத் தொடாமல் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் கசிவு. பிளஷ் டேங்கில் கொஞ்சம் கலர்ப்பொடி போட்டுக் கால் மணி நேரம் பிளஷ் செய்யாமல் விடுங்கள், கீழே கலர் இறங்கினால் வால்வு போய்விட்டது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயே நாளுக்கு இருபது லிட்டர் அளவுக்குக் குடித்துவிடும். புகாரைப் பொறுத்தவரை, வாய்ப்பேச்சாகச் சொல்லாதீர்கள். எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள், தண்ணீர் ஓடும்போது தேதியோடு படம் எடுங்கள், தெருவில் பத்து பேர் கையெழுத்துப் போடட்டும்.

கேள்வி கேட்டவர்:
கலர்ப்பொடி போட்டுப் பார்த்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் கீழே சிவப்பாக இறங்கிவிட்டது, எத்தனை மாதமாகப் போய்க்கொண்டிருந்ததோ. வால்வு மாற்றியாயிற்று. மனுவில் பதினாலு கையெழுத்து, அபராதம் கட்டிய பெரியவருடையதுதான் முதல் கையெழுத்து. தெருமுனையில் இன்று காலையும் ஓடியது.