அப்பாவோட புல்லட்டை குட்டி யானைல ஏத்தி சென்னை கொண்டு வரணும், எப்படி கட்டுறது?

தாமிரபரணி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட புல்லட் ஸ்டாண்டர்டு 350, 1994 மாடல், வலது பக்கம் கியர் இருக்குமே அந்த பழைய இரும்பு இஞ்சின் வண்டி, பாளையங்கோட்டை வீட்டுல நிக்குது. அப்பா தவறி ஒரு வருசம் ஆச்சு, அம்மாவையும் சென்னைக்கே கூட்டிட்டு வந்தாச்சு, வண்டிய மட்டும் அங்க விட்டுட்டு இருக்க மனசு கேக்கல. 600 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு வர்ற நிலமைல இஞ்சின் இல்ல. ரயில் பார்சல்ல போட்டா ஏத்தி எறக்குறப்ப நாம பக்கத்துல இருக்க முடியாதுன்னு ஒரு குட்டி யானை பேசிட்டேன், நானும் கூடவே உக்காந்து வர்றேன். டிரைவர் அண்ணன் சைடு ஸ்டாண்டு போட்டு ஹேண்டில்ல ரெண்டு கயிறு, பின்னாடி ரெண்டு கயிறு போட்டா போதும்ங்கிறாரு. போதுமா? டேங்க்ல கையால போட்ட தங்கக் கோடு இன்னும் அழியாம இருக்கு, அதுல ஒரு கீறல் விழக்கூடாது.

பழையஇரும்பு:
தம்பி, சைடு ஸ்டாண்டு மட்டும் வேணவே வேணாம். நான் அப்படித்தான் ஒருத்தர நம்பி அனுப்பினேன், ஸ்டாண்டு போட்டு நைலான் கயித்தால இழுத்துக் கட்டிருந்தாங்க, பள்ளத்துல விழுந்து விழுந்து மொத்த பாரமும் அந்த ஒத்தக் கால்லயே எறங்கி, ஸ்டாண்டு பிடிச்சிருக்கிற பட்டியே வளஞ்சு போச்சு. கயிறும் போகப் போக தொய்ஞ்சு வண்டி பக்கத்துத் தகரத்துல சாஞ்சு கெடந்துது. எறக்குறப்ப பாத்து கண்ணு கலங்கிட்டேன்.

வண்டி ரெண்டு சக்கரத்துல நேரா நிக்கணும், ஸ்டாண்டு மடக்கியே இருக்கணும், நாலு பக்கமும் பெல்ட்தான் அத நிறுத்தணும். ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடிய ஆட்டி ஆட்டி கிளிக் கிளிக்னு இறுக்குற பெல்ட், நாலு வாங்குங்க, கூட ரெண்டு சேத்து வாங்கினாலும் வீண் போகாது.

லோடு_திருச்சி:
அண்ணன் சொன்னது சரி. நான் மாசத்துக்கு நாலஞ்சு பைக் ஏத்துறேன். மொதல்ல முன் சக்கரத்த கேபின் பக்கத்து தகரத்துல முட்டக் கொடுங்க, நடுவுல ஒரு பழைய டயர் வைங்க. ஹேண்டில்ல கட்டாதீங்க, அது திரும்பும், வளையும். புல்லட்ல ஹெட்லைட் கூடு மேல் பக்கத்த மூடிருக்கும், அதுக்குக் கீழ குனிஞ்சு பாத்தா முன் சக்கரத்த ரெண்டு பக்கமும் தாங்குற குழாய் இருக்கே, அந்த ரெண்டு ஃபோர்க்கையும் சேத்துப் பிடிக்கிற தடிமனான பிளேட் தெரியும், அங்க ஒரு துணிப் பட்டைய சுத்தி அந்தப் பட்டைல கொக்கிய மாட்டணும், இரும்பு கொக்கி நேரா வண்டில படக்கூடாது. ஒயரும் கிளட்ச் கேபிளும் உள்ள சிக்காம பாத்துக்கங்க.

பெல்ட் முன்பக்கமா, கீழ்பக்கமா, வெளிப்பக்கமா சாஞ்சு போகணும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, ஒரே பக்கம் இழுத்தா வண்டி அந்தப் பக்கம் சாயும். ஃபோர்க் எறங்குற தூரத்துல பாதி எறங்கினா போதும். முழுசா அமுக்கிக் கட்டினா உள்ள இருக்கிற ஆயில் கசியாம தடுக்கிற சீல் போயிடும், அதே நேரம் லூசா விட்டா பள்ளத்துல ஃபோர்க் அமுங்குறப்ப கொக்கி கழண்டுக்கும். கொக்கி வாய கட்டுக்கம்பியால ஒரு சுத்து சுத்திடுங்க. பின்பெல்ட் ரெண்டும் பின்னாடி ஃபுட்ரெஸ்ட் பக்கம் சட்டத்துல, பின்பக்கமா இழுத்து. முதல் கியர்ல போட்டுடுங்க.

கிக்கர்:
ப்ரோ பெட்ரோல மறக்காதீங்க, டேங்க்ல கொஞ்சம் மட்டும் விட்டுட்டு மீதிய எடுத்துடுங்க, டேங்குக்குக் கீழ இருக்கிற பெட்ரோல் குழாய மூடிடுங்க, இல்லன்னா குலுங்கலுக்கு கார்புரேட்டர் வழிஞ்சு வண்டி பூரா பெட்ரோல் வாடைதான். பேட்டரி ஒயரையும் கழட்டிடுங்க. அப்புறம் டேங்க் மேல தார்ப்பாய நேரா போடாதீங்க! காத்துல படபடன்னு அடிச்சு தூசியோட சேந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், உங்க தங்கக் கோடு மதுரை வர்றதுக்குள்ள போயிடும். சுத்தமான பழைய வேட்டி ரெண்டு சுத்தி, மேல பபிள் ஷீட், அசையாம டேப். பெல்ட்டோட மீந்த நுனியையும் முடிஞ்சு விடுங்க, அதுவும் அடிக்கும்.

தாமிரபரணி:
குட்டி யானை உள்பக்கம் ஏழடி சொச்சம்தான் இருக்கு, பின் சக்கரம் கதவுல இடிக்குமோன்னு பயமா இருக்கு. ஏத்துறதுக்கு பலகை போதுமா?

லோடு_திருச்சி:
லேசா குறுக்கால நிறுத்தினா அடங்கிடும், ஆனா அப்ப நாலு பெல்ட்டும் வண்டி நிக்கிற கோட்டுக்குத்தான் ரெண்டு பக்கமும் சமமா வரணும், லாரி பக்கத்துக்கு இல்ல. முடிஞ்சா பொலேரோ பிக்கப் பேசுங்க, நீளம் தாராளம். ஏத்துறதுக்கு மேட்டுப் பக்கமா லாரிய பின்னால கொண்டு போய் நிறுத்திட்டா பலகை கிட்டத்தட்ட தரைமட்டமா இருக்கும், மூணு பேர் போதும். 160 கிலோவுக்கு மேல வெயிட்டு, தனியா முயற்சி பண்ணாதீங்க. கெளம்பின அரை மணி நேரத்துல ஒரு தடவ நிறுத்தி பெல்ட்ட பாருங்க, அப்பதான் எல்லாம் படிஞ்சு லூசாகும்.

தாமிரபரணி:
நேத்து ராத்திரி வந்து சேந்துட்டோம். பிக்கப்தான் பேசினேன். கயத்தாறுல நிறுத்திப் பாத்தா முன்பக்க எடது பெல்ட் தளந்துதான் இருந்துச்சு, மூணு கிளிக் ஏத்தினேன், அதுக்கப்புறம் திருச்சி, விழுப்புரம்னு பாத்த எடத்துலல்லாம் அசையல. வேட்டிய அவுத்துப் பாத்தா கோடு அப்படியே இருக்கு. அது அப்பாவோட வேட்டிதான். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபோர்க்ல ஆயில் கசிவு எதுவும் இல்ல, பேட்டரி ஒயர் மாட்டிட்டு நாளைக்கு மெக்கானிக்க கூப்பிடுறேன்.