பழைய நோட்டை மூடச் சொன்ன புதுப் பாட்டு ஆசிரியர்

காவிரிக்கரை:
என் மகள் திருச்சியில் கர்நாடக சங்கீதத்தில், அடிப்படைப் பாடங்களை முடித்து வர்ணம் வரை கற்றாள். அங்கே டீச்சர் சுரம் எழுதிக் கொடுத்துத்தான் பாடம் நடத்துவார். சென்னைக்கு வந்ததும் புது ஆசிரியர் நோட்டை மூடச் சொல்லிவிட்டார்; மறுபடியும் முதல் பாடமான சரளி வரிசை. போகட்டும். "யார் உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று மற்றப் பிள்ளைகள் எதிரில் கேட்டாராம். இது முறையா?

கேள்விஞானம்:
நோட்டை மூடச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தோடி ராகத்தின் காந்தார சுரத்தை 'க' என்று ஒற்றை எழுத்தில் எழுதுகிறோம். பாடும்போதோ அது பக்கத்துச் சுரங்களான ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். எழுத்தைப் பார்த்துப் பாடுகிற பிள்ளை அங்கே மரம் மாதிரி நிற்கும்.

சுரத்தாள்:
ஐயா, 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்கென்றே, அதாவது சுரங்களின் அசைவுகளுக்கென்றே, தனிக் குறிகள் உண்டு. அவரும் எழுத்து வேண்டாமென்று இருந்திருந்தால், முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும்?

கேள்விஞானம்:
அந்தக் குறியைப் பார்த்துப் பாடுவதற்கும் கமகம் முன்பே காதில் விழுந்திருக்க வேண்டுமே!

வீட்டு வகுப்பு:
நானும் சொல்லிக்கொடுக்கிறவள்தான். வேறிடத்திலிருந்து வருகிற பிள்ளையை முதலில் முழு வர்ணமும் பாடவிட்டுக் கேட்பேன். மூன்றாம் காலத்தில், அதாவது வேகமாகப் பாடும்போது, 'ஆ' என்று இழுக்கும் அகாரம் உடைந்தால் சரளிக்குத் திரும்புவது தவிர வழியில்லை. அதில் அவமானமும் இல்லை. ஆனால் சங்கதி, அதாவது ஒரு வரியைப் பாடுகிற விதம், மாறியிருந்தால் "எங்கள் பாடாந்தரத்தில், குரு வழியாக வந்த பாடும் முறையில், இப்படி" என்று மட்டும் சொல்வேன். பெரிய வித்வான்களான செம்மங்குடியும் ஜி.என்.பி.யும் கல்யாணி ராகத்தை ஒன்றுபோலவா பாடினார்கள்?

கேள்விஞானம்:
பூசி மெழுகாதீர்கள் அம்மா. சுருதி விலகினால் அதுவும் பாடாந்தரமா?

வீட்டு வகுப்பு:
இல்லவே இல்லை. சுருதி விலகினால் சுருதி விலகுகிறது என்று சொல்லித் திருத்துங்கள். அதற்குத் திருச்சி டீச்சரை எதற்கு இழுக்க வேண்டும்? அடுத்த வகுப்பில் வாயைத் திறக்கவே அந்தக் குழந்தை பயப்படும். பயந்த தொண்டையில் மேல் ஸ்தாயி எப்படி எட்டும்?

சுரத்தாள்:
வீட்டில் நோட்டைப் பார்த்துச் சாதகம் செய்யலாமா என்றாவது கேட்டுப் பாருங்கள். வகுப்புக்கு வகுப்பு ஒரு வாரம் இடைவெளி இருந்தால் சின்னப் பிள்ளைக்கு எல்லாம் நினைவில் நிற்காது.

காவிரிக்கரை:
அதைத்தான் யோசிக்கிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கேட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

கேள்விஞானம்:
பேசுங்கள். பிள்ளைகள் எதிரில் வேண்டாம்.