எல்டிஓ-7 டிரைவ் அடிக்கடி கிளீனிங் கேட்கிறது, பேக்கப் 30 மணி நேரம் ஓடுகிறது: டிரைவை மாற்றத்தான் வேண்டுமா?

கிண்டி_சர்வர்ரூம்:
வணக்கம். கிண்டியில் ஓர் அலுவலகம். 8 ஸ்லாட் ஆட்டோலோடர் (டேப்பைத் தானாக மாற்றும் பெட்டி), அதில் அரை உயர எல்டிஓ-7 டிரைவ் (காந்த நாடா கார்ட்ரிட்ஜில் பேக்கப் எழுதும் கருவி) ஒன்று, சாஸ் கேபிளில் சர்வரோடு இணைந்தது. லினக்ஸ் சர்வரில் பாகுலா என்ற பேக்கப் மென்பொருள் ஓடுகிறது. நாஸில் (நெட்வொர்க்கில் உள்ள பொதுச் சேமிப்புப் பெட்டி) உள்ள 9 டெராபைட், 1 கிகாபிட் நெட்வொர்க் வழியாக நேரே டேப்புக்குப் போகிறது. வெள்ளி இரவு தொடங்கும் ஃபுல் பேக்கப் போன வருடம் 24 மணி நேரத்தில் முடியும், இப்போது 30 ஆகிறது. கிளீனிங் விளக்கு வாரம் இரண்டு முறை எரிகிறது. போன வாரம் இரண்டு டேப்பில் ரைட் எரர் வந்தது. சர்வீஸுக்கு வந்தவர் "ஹெட் போயிடுச்சு, டிரைவையே மாத்துங்க" என்கிறார் (ஹெட் என்பது டேப்பில் எழுதும், படிக்கும் முனை). சனி, ஞாயிறு அறையில் ஏசி ஓடாது. புது டிரைவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

அம்பத்தூர்_ஸ்டோரேஜ்:
முதலில் கணக்கைப் போடுங்கள் சார். 9 டெராபைட்டை 24 மணி நேரத்தில் எழுதினால் விநாடிக்கு சுமார் 104 மெகாபைட். 30 மணி நேரம் என்றால் 83. எல்டிஓ-7 முழு வேகத்தில் 300 மெகாபைட் எழுதும். வரத்து குறைந்தால் மோட்டாரை மெதுவாக்கிச் சமாளிக்கும், ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு, ஏறக்குறைய 100. போன வருடம் அந்த விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தீர்கள், இப்போது கீழே விழுந்துவிட்டீர்கள்.

அடிமட்டத்துக்குக் கீழே போனால் பஃபர் (டிரைவின் தற்காலிக நினைவகம்) காலியாகும். டேப் நிற்கும், நிற்பதற்குள் கொஞ்சம் தாண்டி ஓடியிருக்கும், பின்னால் சுற்றி வந்து மறுபடி வேகம் எடுக்கும். இதைத்தான் ஷூ-ஷைனிங் என்பார்கள். டிரைவின் பக்கத்தில் நின்றால் காதிலேயே கேட்கும்: சீரான "ஙொய்" சத்தத்துக்குப் பதிலாகச் சில விநாடிக்கு ஒருமுறை நின்று, முனகி, மறுபடி கிளம்பும். ஒரே இடம் ஹெட்டின் மேல் திரும்பத் திரும்பத் தேய்வதால் துகள் உதிரும், கிளீனிங் விளக்கு எரியும், டேப்பின் ஆயுளும் குறையும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டிரைவின் கம்ப்ரஷன் ஆனில் இருந்து டேட்டா பாதியாகச் சுருங்கினால், டேப்புக்கு 100 போய்ச்சேர நீங்கள் 200 ஊட்ட வேண்டும். 1 கிகாபிட் லைனில் அதிகபட்சமே 110, 115தான். ஸ்கேன் செய்த சின்னச்சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்திருந்தால் அதுவும் வராது.

தீர்வு, நடுவில் டேட்டாவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஸ்பூல் டிஸ்க். சர்வரிலேயே ஒரு என்விஎம்ஈ எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்டு, பாகுலாவில் டேட்டா ஸ்பூலிங்கை ஆன் செய்யுங்கள். 1 டெராபைட் டிஸ்க் என்றால் மொத்த ஸ்பூல் 800 ஜிபி, ஒரு ஜாபுக்கு (ஒரு பேக்கப் வேலைக்கு) 250 ஜிபி. 250 ஜிபி சேர்ந்ததும் முழு வேகத்தில் 14 நிமிடத்தில் டேப்பில் இறங்கிவிடும். ஆனால் டேப்பில் இறங்கும் நேரத்தில் அந்த ஜாப் நாஸிலிருந்து படிக்காமல் காத்திருக்கும். ஒரே ஜாபாக விட்டால் 30 மணி நேரத்தோடு இன்னும் 8 மணி நேரம் கூடிப்போகும். ஆகவே மூன்று ஜாபாகப் பிரித்து ஒன்றாக ஓடவிடுங்கள். ஒன்று இறங்கும்போது மற்ற இரண்டும் நிரம்பும், சின்ன ஃபைல்களின் தாமதமும் குறையும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது எழுத்துத் தாங்குதிறனை (மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்ற அளவை) பாருங்கள். வாரம் 9 டெராபைட் என்றால் வருடத்துக்கு 468. சாதாரண 1 டெராபைட் எஸ்எஸ்டிக்கு உத்தரவாதம் பெரும்பாலும் 600 டெராபைட் அளவுதான், ஒன்றரை வருடம்கூடத் தாங்காது.

சாஸ்_கேபிள்:
மேலே சொன்னது சரி. ஆனால் ஹெட் போய்விட்டதா என்பதைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். பாகுலாவை நிறுத்துங்கள், புத்தம்புது டேப் ஒன்றைப் போடுங்கள், பாகுலாவோடு வரும் பிடேப் கருவியில் ஸ்பீடு சோதனையை ஓட்டுங்கள். ராண்டம் டேட்டாவின் எண்ணைத்தான் நம்ப வேண்டும். வெறும் பூஜ்யங்கள் சுருங்கிப்போவதால் வேகம் பொய்யாகக் கூடித் தெரியும். புது டேப்பில் 300க்குப் பக்கத்தில் வந்தால் ஹெட் நன்றாக இருக்கிறது. 150ஐத் தாண்டாவிட்டால் டிரைவ் எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதுகிறது என்று சந்தேகப்படலாம். 6 டெராபைட் டேப் 5லேயே நிரம்பிவிடுவதும் இதே நோயின் அறிகுறி.

பிறகு டேப்அலர்ட் எண்களை (டிரைவ் தரும் எச்சரிக்கை எண்களை) படியுங்கள். 20 வந்தால் உடனே கிளீனிங். 22 வந்தால் கிளீனிங் கார்ட்ரிட்ஜே தீர்ந்துவிட்டது. 50 முறைக்குமேல் அது உதவாது, உள்ளே போய்ச் சுத்தம் செய்யாமலே வெளியே வந்துவிடும். உங்கள் விளக்கு திரும்பத் திரும்ப எரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். டிரைவ் கேட்காமல் கிளீனிங் போடாதீர்கள், அந்த நாடா ஹெட்டைத் தேய்க்கும். பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு யாரும் உள்ளே கைவைக்க வேண்டாம்.

எரர் வந்த இரண்டு டேப்பையும் கையில் எடுத்துப் பாருங்கள். மெதுவாக ஆட்டினால் கலகலவென்று சத்தம் வருகிறதா? ஓட்டின் இணைப்பில் இடைவெளி இருக்கிறதா? பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் தெரியும் உலோகப் பின் இருபுறமும் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே விழுந்த டேப்பை டிரைவுக்குள் தள்ளாதீர்கள், ஒரு டேப் டிரைவையே கெடுத்துவிடும். சர்வரின் கெர்னல் லாகில் பஸ் ரீசெட் (இணைப்பு அறுந்து மறுபடி தொடங்குவது) தெரிந்தால் கேபிள், எச்பிஏ கார்டு (டிரைவை சர்வரோடு இணைக்கும் கார்டு) பக்கம் போங்கள். டிரைவ் ரெய்டு கார்டில் (பல டிஸ்க்கை ஒன்றாக்கும் கார்டில்) மாட்டப்பட்டிருந்தால் முதலில் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தரமணி_ஆப்ஸ்:
ஏசி விஷயத்தை லேசாக விடாதீர்கள். எல்டிஓ டேப்புக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை (வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு) 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏசி இல்லாத அறையில் 34 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அது 28. நம்ம ஊரில் இது சர்வ சாதாரணம். உங்கள் ஃபுல் பேக்கப் ஓடுவதே சனிக்கிழமை, அன்றைக்குத்தான் ஏசி இல்லை! அந்த அறைக்காவது தனியாக ஒரு ஏசி ஓடட்டும்.

டிரைவ் முன்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும். அறையில் பிரின்டர் இருந்தால் வெளியே தள்ளுங்கள், டோனர் தூசும் காகிதத் தூசும் ஹெட்டுக்கு ஆகாது. கத்திரி வெயிலில் பைக் பெட்டியில் வந்த டேப்பை உடனே போடாதீர்கள், 24 மணி நேரம் அறையிலேயே இருக்கட்டும். வெளியே வைக்கும் காப்பி தரைத்தளத்தில் வேண்டாம், 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று தெரியும்.

கிண்டி_சர்வர்ரூம்:
மிக்க நன்றி. புது டேப்பில் ராண்டம் வேகம் 291. கிளீனிங் கார்ட்ரிட்ஜ் 22 காட்டுகிறது. எரர் வந்த டேப்பில் ஒன்றுக்கு ஓடு விலகியிருக்கிறது.

சாஸ்_கேபிள்:
அப்படியென்றால் டிரைவ் வாங்க வேண்டாம். புது கிளீனிங் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கி ஒரு முறை மட்டும் ஓட்டுங்கள். ஓடு விலகிய டேப்பை இனி டிரைவில் போடவே வேண்டாம், அதில் இருந்ததை நாஸிலிருந்து புதிதாக ஃபுல் எடுங்கள். மற்றொன்றைப் புது கிளீனிங்குக்குப் பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். எரர் வந்தால் அதையும் ஒதுக்குங்கள். வேகம் குறைந்து ஓடிய மாதங்களில் எழுதிய டேப்கள் ஒவ்வொன்றிலிருந்தும் தொடக்கம், நடு, கடைசி என்று சில ஃபோல்டர்களை வேறொரு டிஸ்க்குக்கு ரீஸ்டோர் செய்து, மாறாத ஃபைல்களின் செக்சம்மை (ஃபைல் அப்படியே இருக்கிறதா என்று காட்டும் எண்ணை) ஒப்பிடுங்கள். அதுவரை எந்தப் பழைய டேப்பையும் மறுசுழற்சிக்கு விடாதீர்கள்.