சித்தரிக்கப்பட்ட காட்சி: எங்கள் தெருக் கொலை டிவியில் வந்த பிறகு

வண்ணைக்காரி:

2009இல் எங்கள் தெருவில் ஒரு கொலை நடந்தது. பழைய வண்ணாரப்பேட்டை, ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த தெரு, பெயர் வேண்டாம். மாடியில் குடியிருந்த அண்ணனை, வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் வாசலிலேயே வெட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம், வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, ஒரு டிவிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். குற்றச் சம்பவங்களை நடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி, அந்தச் சமயத்தில் எல்லா வீட்டிலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதுதான் ஓடும். நடிக்க ஆள் கூட்டி வரவில்லை, தெருவிலேயே ஆள் தேடினார்கள். என் தம்பிக்கு அப்போது 19 வயது, ஐடிஐ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அதில் ஒருவர், "தாடி இருக்கு, ஆளும் கருப்பா இருக்கான், இவனையே வெட்ற மாதிரி எடுத்துக்கலாம்" என்றார். 500 ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார்கள். டிவியில் வரப்போகிறோம் என்று தம்பிக்குச் சந்தோஷம். எங்கள் அம்மாவுக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மூலையில் பொடி எழுத்தில் 'சித்தரிக்கப்பட்ட காட்சி' என்று போட்டார்கள். அதை யார் படித்தார்கள்? மறுநாளிலிருந்தே சின்னப் பிள்ளைகள் அவனைக் 'கொலைகாரன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டி யூடியூபில் ஏற்ற, அந்தப் பொடி எழுத்தும் போய்விட்டது. அவனுக்குப் பெண் பார்த்த இடத்தில், வாட்ஸ்அப்பில் வந்த அந்த வீடியோவைக் காட்டி, "இது உங்க தம்பிதானே?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் எவ்வளவோ சொன்னேன். சரி, யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்றும் நடந்தது. கடன் தகராறு என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, இறந்தவருடைய மனைவிக்கு ஒரு கள்ளக்காதலைச் சேர்த்துவிட்டார்கள். போலீஸ் அப்படிச் சொல்லவில்லை. பின்னால் வந்த தீர்ப்பிலும் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் கூடவே இருந்து, அவர் கடனுக்கு அலைந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே இரண்டு மாதம் கழித்து டிவி சொன்ன கதையைத் தாங்கள் பார்த்த மாதிரி சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த அக்கா ஒரு வருடம்கூட இங்கே இருக்க முடியவில்லை. எண்ணூரில் அவர் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

உங்கள் பக்கம் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ராயபுரத்தான்:

தங்கச்சி, டிவி வருவதற்கு முன்னாலும் இது உண்டு. எங்கள் வீடு கல்லறை ரோட்டுப் பக்கம். 1952 ஆகஸ்டில் நடந்த ஆளவந்தார் கொலை எங்கள் பேட்டையில்தான். பாரிமுனைப் பக்கம் பேனா விற்றவர். உடலை டிரங்குப் பெட்டியில் வைத்துத் தனுஷ்கோடி போகிற போட் மெயில் ரயிலில் ஏற்றிவிட்டார்கள், மானாமதுரையில் பெட்டியைத் திறந்தார்கள். தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. கொன்றது ஒரு தம்பதி, அதில் கணவனுக்கு ஏழு வருடம், மனைவிக்கு மூன்று வருடம் தண்டனை ஆனது. கோர்ட்டு வாசலில் திருவிழாக் கூட்டம் நின்றதாம்.

என் அப்பா அப்போது சின்னப் பையன். அவர் சொல்லச் சொல்ல நான் வளர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் கதையில் ஏதாவது ஒன்று கூடும், ஒரு தடவை பெட்டியிலிருந்து ரத்தம் சொட்டும், இன்னொரு தடவை அலையில் அந்தத் தலை கண்ணைத் திறந்து பார்க்கும். எங்கள் தெருவில் ஆளாளுக்கு ஒரு ஆளவந்தார் கதை இருந்தது. ஜனங்களுடைய இரக்கம் முழுக்கக் கொன்றவர்கள் பக்கம் போய்விட்டது, செத்தவர் பெண்களிடம் மோசமாக நடந்தவர் என்று பெயர். அது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டுக்கு வராத புருஷனைத் தேடி அலைந்த ஒரு மனைவி இருந்தாரே, அவரைப் பற்றி எழுபது வருடமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. எத்தனை வாரப் பத்திரிகைத் தொடர் வந்திருக்கும், பெட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், அந்த அம்மாள் அதற்கப்புறம் எப்படிச் சோறு சாப்பிட்டார் என்று ஒரு வரி இருக்காது.

அதற்கும் முன்னால், 1944 நவம்பரில், வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் குத்திக் கொன்றார்கள். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை விற்ற ஆள். அந்த வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் ஜெயிலுக்குப் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் போய், 1947இல்தான் விடுதலை ஆனார்கள். கைதாவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' படம், அவர் உள்ளே இருக்கும்போதும் வெளியே ஓடி, பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளி பார்த்தது. விடுதலைக்குப் பிறகு பாகவதர் பழைய இடத்துக்கு வரவே இல்லை. நிரபராதி என்று தீர்ப்பு வந்த வழக்கை இன்றைக்கும் சிலர் 'பாகவதர் கொலை கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வியாசை உதவி:

அக்கா, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். உதவி இயக்குநர். அதனால் நான் எழுதப்போவது பதில் இல்லை, ஒப்புக்கொள்வது.

உண்மைச் சம்பவம் என்றால் முதலில் வக்கீல்தான் ஸ்கிரிப்டைப் படிப்பார். தொடர் கொலைகாரன் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிட முயன்றதில் வந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் எங்களுக்கு இன்றும் அளவுகோல். கோர்ட்டு ஆவணத்தில் இருப்பதை அனுமதி கேட்காமலே எழுதலாம், அதைத் தாண்டி ஒருவருடைய சொந்த வாழ்க்கைக்குள் போனால் அவர் சம்மதம் வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன செய்வோம்? பெயரை மாற்றுவோம், தொழிலை மாற்றுவோம், இரண்டு பேரை ஒருவராக்குவோம். படத்தின் தலையில் 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று ஒரு கார்டு போடுவோம், 'இதில் வருபவை யாவும் கற்பனையே' என்று இன்னொரு கார்டும் போடுவோம். ஒன்று டிக்கெட்டுக்கு, ஒன்று கேஸுக்கு.

நான் ஒரு வெப் சீரிஸுக்காகப் புளியந்தோப்பில் ஒரு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் பையனை யாரோ கொன்று பல வருடம் ஆகியிருந்தது. மூன்று நாள் போனேன். முதல் நாள் கதவே திறக்கவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டுக் கொடுத்து, தானாகவே பேசினார். பையன் மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்த்தானாம். அவன் போன பிறகு புறாக்களை விற்றார்கள், அதில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்ததாம். வாங்கியவரே கடைசியில், "நீங்களே வெச்சுக்கோங்கம்மா" என்று விட்டுவிட்டாராம். நான் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, நல்ல விஷயம் கிடைத்திருக்கிறது என்று ஆபீஸில் சொன்னேன்.

சீரிஸில் அந்தப் புறாவை வில்லன் கழுத்தைத் திருகிக் கொல்கிறான். ஓப்பனிங் சீனே அதுதான். டிரெய்லரிலும் வந்தது. பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றினோம், புறாவை மாற்றவில்லை. அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரிய அது போதாதா? அவரிடமிருந்து போன் வரவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் நான் போனதில்லை, வண்டியில் போனால்கூட சுற்றித்தான் போகிறேன்.

2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் நடந்த கொலையைப் படமாக எடுத்தபோது முதலில் அந்தப் பெண்ணின் பெயரையே தலைப்பில் வைத்தார்கள். அப்பா போலீஸில் புகார் கொடுத்தார், அதன் பிறகுதான் தலைப்பு மாறியது. மகளைப் பறிகொடுத்தவர், அவள் பெயரைப் போஸ்டரிலிருந்து எடுக்கச் சொல்லி அலைய வேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

காசிமேடு மகள்:

எல்லாம் சரி, ஆனால் படமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 'வட சென்னை' வந்தபோது எங்கள் குப்பத்தில் பெரிய கோபம். 2018இல் மீனவர்கள் எதிர்ப்புக் கிளப்பி, படகில் வருகிற ஒரு காட்சியை எடுப்பதாக வெற்றிமாறனே சொல்ல வேண்டியதாயிற்று. நானும் கோபப்பட்டவள்தான். காலேஜில் எந்த ஏரியா என்று கேட்டு நான் சொன்னதும், "கத்தி வெச்சிருக்கியா?" என்று சிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அதே இயக்குநருடைய 'விசாரணை'யை எங்கள் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 1983இல் குண்டூரில் போலீஸிடம் தான் பட்டதைக் கோயம்புத்தூர் ஆட்டோக்காரர் சந்திரகுமார் 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார், அதிலிருந்து எடுத்த படம். பாதிப் படத்தில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, கல்யாணத்துக்கு முன்னால் சந்தேகக் கேஸில் பிடித்துக்கொண்டுபோய் நான்கு நாள் வைத்திருந்ததைச் சொன்னார். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதவில்லை. முப்பது வருடமாக அம்மாவுக்கே தெரியாது. வலை பின்னும்போது அவருக்கு இடது கை விரல் இரண்டு மடங்காது, நாங்கள் மீன் முள் குத்தியது என்றே நினைத்திருந்தோம்.

பட்டவன் எழுதியதிலிருந்து எடுத்ததால்தானோ என்னவோ, அந்தப் படம் எங்கள் வீட்டுக்குள் வந்து பேச முடிந்தது. வியாசை அண்ணா, நீங்கள் ஒரு தடவை அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்ணைக்காரி:

எல்லோரும் எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். புறா கதையில் நிறுத்தச் சொல்லிவிட்டான்.

அந்த வீடியோவுக்கு என்ன செய்தோம் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2021இல் வந்த ஐடி விதிகளின்படி ஒவ்வொரு தளத்திலும் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும், புகாரைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிக்க வேண்டும். ஒரு தெரிந்த வக்கீல் சொல்லி, தம்பியின் அடையாள அட்டையோடு எழுதிப் போட்டோம். ஒரு பிரதி போனது. வேறு பெயரில் இரண்டு இன்னும் இருக்கின்றன, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறோம். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பெண் வீட்டாருக்கு முதல் சந்திப்பிலேயே நாங்களே போட்டுக் காட்டிவிட்டோம்.

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன். அன்றைக்கு வந்தவர்கள், இறந்தவர் முகத்தைக் காட்ட வேண்டும் என்று சுவரில் மாலை போட்டிருந்த கல்யாண போட்டோவைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள், மறுநாள் தந்துவிடுகிறோம் என்று. தரவில்லை. அந்த அக்காவிடம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் அது ஒன்றுதான். போன மாதம் எண்ணூரில் அவரைப் பார்த்தபோதும், அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, "போட்டோ மட்டும் கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். பச்சைத் திரை போட்ட ஸ்டூடியோவில் எடுத்தது, மரச் சட்டம், கீழ் மூலையில் கண்ணாடி கீறியிருக்கும். அந்தக் காலத்தில் இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய டேப், பழைய பெட்டி எதிலாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சட்டம்கூட வேண்டாம், படம் இருந்தால் போதும், நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.