எழும்பூருக்கு யார் யார்?

*சென்னைக் கல்யாணம் – நம்ம ஒறம்பரை (சொந்தபந்தம்)* வாட்ஸ்அப் குழு

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் வியாழன் இரவு 14 பேருக்கும் டிக்கெட் உறுதியாகிவிட்டது. ஈரோட்டில் ஏறுகிறோம். வெள்ளி விடியற்காலை சென்ட்ரல்.

திருப்பூர் அத்தை: 🙏🙏

பிரியா: ஆத்தாவுக்குக் கீழ் பெர்த்தா?

கார்த்தி: ஆமாம். கல்யாணச் சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரருக்கும் கீழ் பெர்த்.

சென்னை சித்தப்பா: நல்லது கார்த்தி. அறை போட்டாயிற்று. ஞாயிறு முகூர்த்தம், சனி சாயங்காலம் மண்டபத்துக்கு வந்தால் போதும்.

பெரியப்பா: அப்படியானால் வெள்ளிக்கிழமை முழுக்க நம் கையில் இருக்கிறது. குளித்துச் சாப்பிட்டதும் நேராக எழும்பூர் அருங்காட்சியகம். சென்ட்ரலில் இருந்து மெட்ரோவில் அடுத்த நிலையம்தான். 1851-இல் தொடங்கியது. நம் பிள்ளைகள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அகழாய்வு நடந்த கொடுமணல் நம் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் யாருக்கு விற்றார்கள்? மேற்கே கேரளக் கரையில் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய ரோம வணிகன் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் கொங்கு நாட்டுக்குள் வந்துதான் கரூர் போனான். படியூர் ரத்தினக் கல் ரோமாபுரி வரைக்கும் போனது என்கிறார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த காசுதான் வெள்ளலூரிலும் கரூரிலும் மண்ணுக்குள் கிடந்தது. அந்த மாதிரி ரோமக் காசுகள் எழும்பூரில் இருக்கின்றன. அப்புறம் அமராவதிச் சிற்பங்கள். அவற்றுக்கே ஒரு மணி நேரம் வேண்டும்.

திருப்பூர் அத்தை: அண்ணா, தி. நகர் எப்போது?

பெருந்துறை மாமா: அமராவதி அணையில் சிற்பம் இருக்கிறதா? முதலைப் பண்ணைதானே இருக்கிறது.

பெரியப்பா: நம் அமராவதி இல்லை மாப்பிள்ளை. ஆந்திராவில் கிருஷ்ணா நதிக் கரையில் இருக்கிற ஊர். அங்கே பெரிய பௌத்த ஸ்தூபம் இருந்தது. அதன் சுண்ணாம்புக் கல் பலகைகளில் ஒரு பகுதி சென்னையில், ஒரு பகுதி லண்டனில்.

பெருந்துறை மாமா: சரிங்க. எனக்கு இன்னும் பத்திரிகையே கைக்கு வரவில்லை, அதையும் கொஞ்சம் பாருங்கள்.

சென்னை சித்தி: அண்ணா, குழுவில் போட்டிருந்தோமே

பெருந்துறை மாமா: தாய்மாமனுக்குச் செல்போனில் பத்திரிகை.

கவிதா: மாமா, நானே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்

சென்னை சித்தப்பா: அண்ணா, ஒரு சங்கதி. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை.

பெரியப்பா: வெள்ளியா? அப்படியானால் கோட்டை அருங்காட்சியகம்?

சென்னை சித்தப்பா: அதுவும் வெள்ளி.

திருப்பூர் அத்தை: அப்போது வெள்ளி தி. நகர் 😊

கார்த்தி: ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்குத் திங்கள்தான் விடுமுறை. பிள்ளைகளுக்குக் குட்டி ரயில் ஓடும்.

பிரியா: கலங்கரை விளக்கம்? லிஃப்டில் ஏறலாமாம். ஆத்தாவும் மெரினாவைப் பார்த்தது போல இருக்கும்.

சென்னை சித்தப்பா: வெள்ளியில் முட்டுக்காடு தட்சிணசித்ரா போகலாம், அதற்குச் செவ்வாய் லீவு. செட்டிநாட்டு வீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் உண்டு.

பெரியப்பா: தறியைச் சென்னிமலையிலேயே பார்த்துக்கொள்ளலாம். எழும்பூரில் இருப்பது வேறு எங்கும் கிடையாது.

கவிதா: பெரியப்பா, சனிக்கிழமை காலை எழும்பூர் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாமா? எனக்கு 3 மணிக்கு மண்டபம். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீருக்கு நான் இல்லாமல் முடியாது.

சென்னை சித்தி: கூறைப்புடவையை யார் எடுத்து வருகிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்

திருப்பூர் அத்தை: என் பெட்டியில் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது.

பெருந்துறை மாமா: அருமைக்காரருக்குத் தட்டு வரிசை எழுதி வைத்தீர்களா? அங்கே போய் அருகம்புல் கிடைக்கவில்லை என்று நிற்க வேண்டாம்.

சென்னை சித்தப்பா: அருகம்புல் கோயம்பேட்டில் கிடைக்கும் மச்சான்

பெருந்துறை மாமா: நான் ஊரிலிருந்தே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன்.

பெரியப்பா: சனிக்கிழமை காலை என்றால் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். ஒன்றைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். 1974-இல் அப்பாரு, அதான் தாத்தா, வரப்பு வழக்குக்காக மதராஸ் போனார். என்னையும் கூட்டிப்போனார், அப்போது எனக்கு 11 வயது. வக்கீல் மறுநாள் வரச் சொல்லிவிட்டார். அப்பாரு ஒரு ரிக்‌ஷாக்காரரிடம் பையனுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டார். செத்த காலேஜா உயிர் காலேஜா என்றார் அவர். அப்போது மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்திலேயே இருந்தது, 1985-இல்தான் வண்டலூருக்குப் போனது. அதுதான் உயிர் காலேஜ். அருங்காட்சியகம் செத்த காலேஜ்.

பிரியா: 😄 செத்த காலேஜா

திருப்பூர் அத்தை: அண்ணா, அந்த வழக்குப் பேச்சு இங்கே வேண்டாமே. குழுவில் மேலத்தோட்டத்தாரும் இருக்கிறார்கள்.

மேலத்தோட்டம் அண்ணன்: இருக்கிறோம் அத்தை, பரவாயில்லை. எங்கள் அப்பாவும் அதே வழக்குக்குத்தான் அதே ரயிலில் போனார்.

பெரியப்பா: ஆமாம் தம்பி, திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே பெட்டியில்தான் வந்தார்கள். நான் சொல்ல வந்தது வேறு. திருவாலங்காட்டு நடராசர் முன்னால் அப்பாரு நின்றுவிட்டார். மற்ற நடராசருக்கு இருப்பதுபோலச் சுற்றித் திருவாசி இல்லை, பறக்கிற சடையும் இல்லை. வெறும் உடம்புதான். தூக்கிய கால், ஊன்றிய கால், அடியில் முயலகன். அப்பாரு துண்டை இடுப்பில் கட்டினார், செருப்பைக் கழற்றிவிட்டார். காவலாளி செருப்பு போடலாம் என்றார், இவர் போடவில்லை. "கோயில்ல சாமிய அலங்காரத்துக்குள்ளதான பாக்கறோம், இங்கதான் முட்டி மடங்கறது வரைக்கும் தெரியுது" என்றார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

கவிதா: ❤️

கார்த்தி: இதை நீங்கள் சொன்னதே இல்லை பெரியப்பா

மேலத்தோட்டம் அண்ணன்: நான் வருகிறேன் சனிக்கிழமை. இரண்டு பேர்.

சென்னை சித்தப்பா: நடராசர் வெண்கலச் சிலைகளுக்கான தனிக் கட்டடத்தில் இருக்கிறார். முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

பெரியப்பா: கற்கருவிகளையும் விடக்கூடாது. 1863-இல் பல்லாவரத்தில் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் ஒரு கற்கோடரி எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று அதை வைத்துத்தான் உலகம் ஒத்துக்கொண்டது. அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தவை அங்கேதான் இருக்கின்றன.

திருப்பூர் அத்தை: சனி காலை நானும் வருகிறேன் அண்ணா. ஆனால் வெள்ளி தி. நகர், அதில் மாற்றம் இல்லை.

பிரியா: வெள்ளி ரயில் அருங்காட்சியகம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்

கார்த்தி: வெள்ளி இரண்டு வேன் ஆகும் போல. சனி எழும்பூருக்கு வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

மேலத்தோட்டம் அண்ணன்: ✋

கவிதா: ✋ 12 மணி வரைக்கும்

திருப்பூர் அத்தை: ✋

பெருந்துறை மாமா: பத்திரிகை வரட்டும், சொல்கிறேன்.

பிரியா: பெரிய அப்பாரு, நான் நிலா. அம்மா போனில் பேசுகிறேன். அங்கே திமிங்கிலம் இருக்கிறது என்று அப்பா சொல்கிறார். நிஜ எலும்பா?

பெரியப்பா: நிஜ எலும்புதான் கண்ணு. உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டுகிறேன்.

சென்னை சித்தி: மாமா, உங்களுக்கு முட்டி வலி இருக்கிறதே

பெரியப்பா: அதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் அம்மணி.

கார்த்தி: ஆத்தாவுக்கு டிக்கெட்டில் வயது 79 என்று போட்டிருக்கிறேன். ஆதாரில் எவ்வளவு இருக்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.