கிணற்று மோட்டாருக்கு வாட் மீட்டர் செய்வது எப்படி?

தக்கலை_தோட்டம்:
1 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். 230 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 6 ஆம்பியர், பெருக்கினால் 1380. வீட்டு மீட்டர் அவ்வளவு ஓடவில்லை. ஆர்டுயினோவில் (சின்ன புரோகிராம் போர்டு) சரியாக அளக்க என்ன வேணும் அண்ணாச்சி?

நாகர்கோவில்_வயரிங்:
1380 என்பது விஏ (வோல்ட் × ஆம்பியர்) தம்பி, வாட் இல்லை. மோட்டாரில் கரன்டும் வோல்டேஜும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாது. இரண்டையும் நொடிக்கு 2000 தடவையாவது எடுத்து, ஜோடி ஜோடியாகப் பெருக்கி, முழு சைக்கிள்களுக்குச் சராசரி போடுங்க, அதுதான் வாட். வோல்டேஜுக்கு இசட்எம்பிடி101பி சென்சார் (மெயின்ஸ் பக்கத்தைத் தொடாதபடி மூடணும்), கரன்டுக்கு வயரைச் சுற்றி மாட்டும் எஸ்சிடி-013-030 சென்சார் (சிடி). சிடியின் ஒரு முனையை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்து 2.5 வோல்ட்டில் நிறுத்தணும். இல்லாட்டி அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்படும். சிடிக்குள் ஃபேஸ் வயர் மட்டும். நியூட்ரலும் சேர்ந்தால் பூஜ்யம்தான் காட்டும்.

குளச்சல்_சோலார்:
முதலில் அயர்ன் பாக்ஸில் பாருங்க. பவர் ஃபேக்டர் (வாட் ÷ விஏ) 1 வரணும். குறைந்தால் சென்சாரின் ஃபேஸ் பிழை (அலையை நேரம் தள்ளிக் காட்டுவது), ஆர்டுயினோ கோடில் திருத்துங்க. அப்புறம் வீட்டு மீட்டரோடு ஒப்பிடுங்க: அதில் 3200 இம்ப் (ஒரு யூனிட்டுக்கு லைட் மினுக்கும் தடவை) என்றிருந்தால், 36 நொடியில் 32 மினுக்கு வந்தால் 1 கிலோவாட். கடல்காத்துக்கு சிடி வயரின் ஜாக் பச்சை பிடிக்கும், சால்டர் வைங்க.

நாகர்கோவில்_வயரிங்:
மின்சாரத்தில் எத்தனை சதவீதம் தண்ணி ஏற்றப் போகுதுன்னு பார்க்க: 200 லிட்டர் டிரம் 100 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 2 லிட்டர். 15 மீட்டர் ஏற்றத்துக்கு 2×9.81 (புவியீர்ப்பு)×15 = 294 வாட். நீங்க செய்த மீட்டர் 980 வாட் காட்டினால் 30 சதவீதம். உயரத்தைத் தண்ணி மட்டத்திலிருந்து அளங்க, மோட்டாரிலிருந்து இல்ல.